ஸவத்தீயும் குப்லேயும்: தாய்லாந்து மொழியிலும் காஸி மொழியிலும் மரியாதையாகப் பேசப் பழக ஒரு முழு வழிகாட்டி

பாங்காக்கில் ஒருவரிடம் நன்றி சொன்னால், சொல்பவர் ஆணா பெண்ணா என்பது அந்த நன்றியிலேயே தெரிந்துவிடும். ஷில்லாங்கில் ஒருவரை 'நீ' என்றால், கேட்பவர் ஆணா பெண்ணா என்பது அந்த 'நீ'யிலேயே இருக்கும். தாய்லாந்து மொழியையும் காஸி மொழியையும் சேர்த்து வைத்துப் பழகுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். வணக்கம், நன்றி, மன்னிப்பு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சொன்னால், சொல் சரியாக இருந்தும் மரியாதை குறைந்து போகும். அதனால் இந்த வழிகாட்டியில் வணக்கம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

காஸி என்றதும் வாரணாசியை நினைக்க வேண்டாம். மேகாலயத்தின் காஸி, ஜெயின்டியா மலைகளில் வாழும் மக்களின் மொழி இது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 14 லட்சம் பேர் இதைத் தங்கள் மொழியாகச் சொன்னார்கள். 2005 முதல் மேகாலயத்தின் இணை ஆட்சிமொழிகளில் ஒன்று. சுற்றிலும் பேசப்படும் அசாமியம், வங்காளத்தோடு இதற்குப் பிறப்பால் உறவு கிடையாது. கம்போடியாவின் கெமெர், மியான்மரின் மோன், வியட்நாமிய மொழி ஆகியவைதான் இதன் உறவுகள். இவை ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பம். தாய்லாந்து மொழி வேறு குடும்பம். ஆனாலும் இந்த இரண்டு குடும்பங்களும் நெடுங்காலமாக அண்டை வீட்டார். 13-ஆம் நூற்றாண்டில் சுகபா தலைமையில் அசாம் சமவெளிக்கு வந்த அஹோம் மக்கள் பேசியது தாய்லாந்து மொழியின் இனத்தைச் சேர்ந்த மொழி. அந்தப் பக்கம் பார்த்தால், தாய்லாந்தின் நடுப்பகுதியில் தாய்லாந்து மொழி பரவும் முன்பு மோன் மொழி இருந்தது.

('தாய் மொழி' என்று எழுதினால் அம்மாவின் மொழி என்று படித்துவிடுவோம். அதனால் கடைசி வரை 'தாய்லாந்து மொழி' என்றே எழுதுகிறேன்.)

முதல் படி: ஒலியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

சுலோகப் புத்தகங்களில் க, ப எழுத்துகளுக்கு மேலே சிறிதாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள் அல்லவா? அதே முறையை இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். 2 என்றால் காற்றைத் தள்ளிச் சொல்ல வேண்டும். 3 என்றால் 'அம்பு', 'பந்து' என்பவற்றில் வரும் மெல்லிய ஒலி. 4 என்றால் அந்த மெல்லிய ஒலியோடு காற்றும் சேரும். எண் இல்லாவிட்டால் காற்றே வரக் கூடாது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பழகுங்கள்.

இது நுணுக்கம் பார்ப்பதற்காகச் சொல்வதில்லை. தாய்லாந்து மொழியில் 'கை' கோழி, 'கை²' முட்டை. இரண்டுக்கும் ஏற்ற இறக்கம் கூட ஒன்றுதான், காற்று மட்டுமே வித்தியாசம். காஸியில் 'பா' அப்பா, 'பா²' என்றால் பெண்ணைப் பார்த்துச் சொல்லும் 'நீ'.

தமிழருக்கு இங்கே இரண்டு வசதிகள் உண்டு. அரிச்சுவடியில் ங என்ற எழுத்தைப் படித்தோம், அதன் பிறகு சொல்லின் முதலில் அதை நாம் பார்ப்பதே அரிது. இந்த இரண்டு மொழிகளிலும் அது முதலில் நிற்கும். காஸியில் 'ஙா' நான், 'ஙி' நாங்கள். தாய்லாந்து மொழியில் 'ஙான்' வேலை. 'ச ங்ங' என்று இழுத்துச் சொல்லி, 'ச'வை விட்டுவிட்டால் வந்துவிடும். இன்னொன்று குற்றியலுகரம். 'பாட்டு', 'காசு' என்று பேசும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, அதை நீட்டினால் தாய்லாந்து மொழியின் ஓர் உயிரொலி கிடைக்கும். மற்ற நாட்டுப் பயணிகள் தடுமாறும் இடம் அது. நமக்குச் சுலபம்.

தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள். வணக்கத்துக்கும் நன்றிக்கும் ஐந்தையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு சொல்லில் மட்டும் கவனம் தேவை: 'பீ²'. மேலிருந்து கீழே இறங்கும் குரலில் சொன்னால் அண்ணன் அல்லது அக்கா. கீழிருந்து மேலே ஏறும் குரலில் சொன்னால் பேய்.

காஸியில் தொனி இல்லை. அதற்குப் பதிலாக மெய்யெழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். 1841-இல் சோரா என்ற ஊருக்கு, அதாவது செராபுஞ்சிக்கு, வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் இந்த மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை ஏற்படுத்தினார். வேல்ஸ் மொழியின் வழக்கம் அதில் படிந்திருக்கிறது. ஆகவே பலகைகளைப் பார்த்து ஆங்கிலம் போலப் படித்தால் தப்பாகிவிடும். 'ஒய்' எழுத்து அங்கே வாய் பாதி திறந்த மங்கலான அகரம். கடைசியில் வரும் 'எச்', ஹகரம் இல்லை. குரலைத் தொண்டையில் சட்டென்று நிறுத்தச் சொல்லும் குறி.

இரண்டாம் படி: யாரை எப்படி அழைப்பது

என்னைக் கேட்டால் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கே கொடுக்கச் சொல்வேன்.

தாய்லாந்து மொழியில் மரியாதை வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. ஆண் பேசினால் 'க்²ராப்', பெண் பேசினால் 'கா²'. கொங்கு நாட்டில் 'சரிங்க', 'ஆமாங்க', 'இல்லைங்க' என்று ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும், அதை நினைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு ஒன்றுதான்: நம்முடைய 'ங்க' எல்லோருக்கும் பொது, அங்கே பேசுபவரைப் பொறுத்து மாறும். கேட்பவர் யாராக இருந்தாலும் ஆண் 'க்²ராப்'தான் சொல்ல வேண்டும். விடுதியில் வரவேற்பது பெண்ணாக இருப்பதால் அவர் சொல்லும் 'ஸவத்தீ³ கா²' காதில் விழுந்து, ஆண்களும் அதையே திருப்பிச் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் முதல் நாளே திருத்திக்கொள்வது நல்லது. பெண்களுக்கு இன்னொரு நுட்பம்: தகவல் சொல்லும்போது 'கா²' கீழே இறங்கும், கேள்வி கேட்கும்போது குறுகி மேலே நிற்கும். பேச்சுவழக்கில் 'க்²ராப்' தேய்ந்து 'கா²ப்' ஆகிவிடும். நீங்கள் முழுதாகவே சொல்லுங்கள்.

அடுத்தது உறவுப் பெயர். நம்மைவிட மூத்தவர் 'பீ²', இளையவர் 'நொங்'. ஆண் பெண் இருவருக்கும் ஒரே சொல். கடைக்காரர், ஓட்டுநர், அலுவலகத்தில் மூத்தவர் எல்லோரும் 'பீ²'. எழுத்தில் பார்க்கும்போது தமிழ்க் கண்ணுக்குக் கூச்சமாக இருக்கும். காற்றோடு சரியாகச் சொல்லும்போது நம் சொல்லின் ஒலி அதில் வராது. தயங்க வேண்டாம். பெற்றோரைவிட மூத்தவர் என்றால் ஆண் 'லுங்', பெண் 'பா'. பெற்றோருக்கு இளையவர்களில் அம்மா வழி 'நா', அப்பா வழி 'ஆ'. பெரியப்பா, சித்தி என்று பிரித்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நடுத்தர வயதுப் பெண்ணை 'பா' என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். சந்தேகம் வந்தால் 'பீ²' போதும். முறையாகப் பேசும் இடத்தில் 'கு²ன்' என்று சொல்லி, அவருடைய சொந்தப் பெயரைச் சேருங்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமே 1913-இல் சட்டம் வந்த பிறகுதான் அங்கே ஏற்பட்டது. அதனால் இன்றும் எல்லோரும் சொந்தப் பெயரிலேயே அழைக்கப்படுகிறார்கள். இது நமக்கும் இயல்பான பழக்கம்.

இனி காஸிக்கு வருவோம். வாக்கியத்தின் முடிவில் ஒட்டும் வால் இங்கே கிடையாது. மரியாதை 'நீ'யில் இருக்கிறது. ஆணிடம் 'மே', பெண்ணிடம் 'பா²', மரியாதைக்கும் பன்மைக்கும் 'பி²'. நம் 'நீங்கள்' எப்படிப் பன்மையும் மரியாதையுமாக நிற்கிறதோ, அப்படித்தான் 'பி²'. முதல் இரண்டும் நண்பருக்கும் இளையவருக்கும் உரியவை. வெளியூரிலிருந்து போகிறவருக்கு 'பி²' ஒன்றே போதும். அதை மட்டும் பழகிக்கொண்டால் எங்கும் தவறு நேராது. பாருங்கள், உறவே இல்லாத இரண்டு மொழிகளில் ஏறக்குறைய ஒரே ஒலி: ஒன்றில் மூத்தவர், இன்னொன்றில் 'நீங்கள்'. தற்செயல்தான், ஆனால் ஞாபகத்தில் நிற்க உதவும். அதே சமயம் காற்றில்லாத 'பா' அங்கே பெரியம்மா, இங்கே அப்பா. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அழைப்புச் சொற்கள்: மூத்த அல்லது மதிக்க வேண்டிய ஆண் 'பா³' (குரலைச் சட்டென்று நிறுத்த வேண்டும்), பெண் 'கொங்'. இளையவர் 'ஹெப்'. ஷில்லாங்கின் பெரிய சந்தையான ஐயெவ்டூவில் கடை விரித்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே நுழைந்ததும் உங்கள் வாயில் முதலில் வர வேண்டிய சொல் 'கொங்'. நம் ஊரில் 'அக்கா, தக்காளி என்ன விலை' என்கிறோமே, அதே தொனியில்.

காஸிகள் தாய்வழிச் சமூகம். பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர்தான் வரும். கடைசி மகள் வீட்டைக் காப்பாள். அம்மாவின் சகோதரரை 'க்ஞி' என்பார்கள். நம் தாய்மாமனுக்குச் சடங்குகளில் இருக்கும் இடத்தை நினைத்துப் பார்த்து, அதற்கும் ஒரு படி மேலே வையுங்கள். 'திப் குர் திப் கா²' என்று ஒரு வழக்கு உண்டு: அம்மா வழிக் குலத்தையும் அப்பா வழி உறவையும் அறிந்திரு. புதிதாகச் சந்திக்கும் இரண்டு காஸிகள் ஒருவர் குலத்தை ஒருவர் கேட்டுக்கொள்வதன் காரணம் இதுதான். அப்படிக் கேட்பது ஊர் வம்பு இல்லை, முறை தெரிந்துகொள்வது.

மூன்றாம் படி: வணக்கம்

தாய்லாந்து மொழியில் காலை, மாலை எல்லாவற்றுக்கும் 'ஸவத்தீ³'. மிகப் பழைய சொல் என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த பிரயா உபகித் சிலபசான் என்ற அறிஞர் 1930-களில் அங்கே மாணவர்களிடம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1943-இல் அன்றைய பிரதமர் பிபுனின் அரசு இதை நாட்டுக்கான வணக்கமாக அறிவித்தது. வேர் வடமொழியின் 'ஸ்வஸ்தி'. சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று பொறித்திருக்கிறதே, அதே சொல். காலை வணக்கத்துக்கு 'அருண் ஸவத்', இரவுக்கு 'ராத்ரீ ஸவத்' என்றும் உண்டு. அருணனும் ராத்திரியும் நமக்குத் தெரிந்தவர்களே. ஆனால் இவை ஒலிபரப்பிலும் செய்தி அனுப்பும்போதும்தான் அதிகம். நேரில் 'ஸவத்தீ³' போதும்.

சொல்லோடு கைகூப்ப வேண்டும். அதற்கு 'வாய்' என்று பெயர். கைகூப்பத் தெரியாத தமிழர் இல்லை, ஆனால் உயரம் முக்கியம். பெரியவர்களுக்குக் கட்டைவிரல் மோவாயைத் தொடும் அளவு. பெற்றோர், ஆசிரியருக்கு மூக்கு நுனி வரை. புத்த பிக்குவுக்குப் புருவ மத்தி வரை. தலையும் தாழ வேண்டும். இளையவர்தான் முதலில் கும்பிடுவார். பிக்கு பதிலுக்குக் கும்பிட மாட்டார், அது அவமதிப்பு இல்லை. கடையில் பணம் வாங்கிக்கொண்டு இளம் ஊழியர் கும்பிட்டால், நீங்கள் புன்னகையோடு தலையசைத்தால் சரி. சின்னக் குழந்தைக்கு நீங்கள் முந்திக்கொண்டு கும்பிட வேண்டாம்.

காஸியில் 'கு²ப்³லேய்'. 'ப்³லேய்' என்றால் கடவுள். கடவுள் ஆசி கிடைக்கட்டும் என்பது பொருள். வணக்கமும் இதுவே, நன்றியும் இதுவே, விடைபெறும் சொல்லும் இதுவே. ஒரே ஒரு காஸிச் சொல் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கைகூப்ப வேண்டியதில்லை, கைகுலுக்கலாம். தெரிந்தவர்களுக்குள் 'கும்னோ' என்பதே அதிகம். 'எப்படி' என்று பொருள். 'கும்னோ, கொங்', 'கும்னோ, பா³' என்று அழைப்புச் சொல்லைச் சேர்த்தால் நிறைவாக இருக்கும். வெறும் 'கும்னோ' நண்பர்களுக்கு.

நான்காம் படி: நலம், சாப்பாடு, எங்கே போகிறீர்கள்

நலம் விசாரிக்க, 'ஸபா³ய் தீ³ மை க்²ராப்?' பதில் 'ஸபா³ய் தீ³ க்²ராப்'. தினம் பார்ப்பவரிடம் இதைக் கேட்டால் கொஞ்சம் செயற்கையாக இருக்கும். பல நாள் கழித்துப் பார்ப்பவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். காஸியில் 'பி² லொங் கும்னோ?' பதில் 'ஙா க்²லாஞ்', நான் திடமாக இருக்கிறேன்.

அன்றாடம் காதில் விழுவது வேறு கேள்விகள். 'கின் கா²வ் ரூ யங்?' சோறு சாப்பிட்டாச்சா? அந்த 'ரூ'வில்தான் முன்பு சொன்ன நீட்டிய குற்றியலுகரம் வருகிறது. சாப்பிட்டிருந்தால் 'கின் லேவ் க்²ராப்', இல்லையென்றால் 'யங் க்²ராப்'. காஸியில் 'பி² லா பா³ம் ஜா?' பதில் 'லா பா³ம்'. நம் ஊரில் 'சாப்டீங்களா' என்று கேட்பவர் இலை போடத் தயாராக நிற்கிறார் என்று அர்த்தமில்லையே, இங்கேயும் அப்படித்தான். அக்கறைக்குப் பதிலாக அக்கறை காட்டினால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தாய்லாந்து மொழியில் நெல், அரிசி, சோறு எல்லாம் 'கா²வ்' என்ற ஒரே சொல்லில் அடங்கும். பிரித்துச் சொல்ல அடைமொழி போட வேண்டும். காஸியில் நெல் 'க்பா³', அரிசி 'கா²வ்', சோறு 'ஜா'. தமிழைப் போலவே மூன்றுக்கும் மூன்று பெயர். அதனால் ஷில்லாங்கில் 'கா²வ்' சாப்பிட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள், அரிசி மென்றதாக ஆகிவிடும்.

'பை நை?' எங்கே போறீங்க? காஸியில் 'ஷானோ பி² லெய்த்?' இதை வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது வணக்கத்தின் இன்னொரு உருவம். தாய்லாந்தில் 'பை தி²யாவ்', சும்மா சுற்றப் போகிறேன் என்றால் முடிந்தது.

பெயர் கேட்க, 'கு²ன் சூ² அரை க்²ராப்?' காஸியில் 'ஆயு கா கர்தெங் ஜொங் பி²?' அதில் வரும் 'கா' பெண்பால் குறி. காஸியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் 'உ' அல்லது பெண்பால் 'கா' உண்டு. சூரியன் பெண், நிலா ஆண்.

ஐந்தாம் படி: நன்றி, மன்னிப்பு, வேண்டுகோள்

'கொ²ப் கு²ன் க்²ராப்' நன்றி. 'மாக்' சேர்த்தால் மிக்க நன்றி. இளையவருக்கு மட்டும் 'கொ²ப் ச்சை' உண்டு. பெரியவரிடம் சொன்னால் துடுக்கு, ஆகவே தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள். பதில் 'மை பென் ரை', பரவாயில்லை. காஸியில் 'கு²ப்³லேய் ஷிபு³ன்' மிக்க நன்றி. பதிலுக்கும் 'கு²ப்³லேய்' என்றே சொல்லலாம். வேண்டாம் என்று மறுக்க, 'எம், கு²ப்³லேய்'.

மன்னிப்புக்கு 'கோ² தோ²த் க்²ராப்'. 'தோ²த்' நம் தோஷத்தின் உறவு. கூட்டத்தில் வழி கேட்கவும் இதுவே. காஸியில் 'மாப் யா ஙா', என்னை மன்னியுங்கள்.

'தயவுசெய்து' என்பதற்கு 'கருணா' என்ற சொல் தாய்லாந்து மொழியில் உண்டு, அறிவிப்புகளில் வரும். பேச்சில் 'கோ²' என்று தொடங்கி 'நொய்' என்று முடிப்பார்கள்: 'கோ² நாம் நொய் க்²ராப்', கொஞ்சம் தண்ணீர் வேண்டும். உதவிக்கு 'சு²வய் நொய்'. 'சு²வய் தூ³வய்' என்று சொல்லிவிட வேண்டாம், அது ஆபத்தில் கத்தும் 'காப்பாற்றுங்கள்'. காஸியில் 'ஸ்ஙேவ்பா⁴' என்ற அருமையான சொல் இருக்கிறது. 'ஸ்ஙேவ்' உணர்வது, 'பா⁴' நல்லது. மனம் நல்லபடி உணர்ந்து செய்யுங்கள் என்பதுதான் அவர்களுடைய 'தயவுசெய்து'. 'ஸ்ஙேவ்பா⁴ ஆய் உம்', தண்ணீர் கொடுங்கள். உமியம் ஏரி, உம்ங்கோட் ஆறு என்று மேகாலயத்து நீர்நிலைகளின் பெயரில் வருவது இந்த 'உம்'தான்.

உடல்மொழி பற்றிச் சுருக்கமாக: தாய்லாந்தில் யார் தலையையும் தொடக் கூடாது, காலை யாரை நோக்கியும் நீட்டக் கூடாது, உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன் போகும்போது சற்றுக் குனிந்து போக வேண்டும்.

காஸி வீட்டில் விருந்தினருக்கு முதலில் வருவது 'க்வாய்'. பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. தாம்பூலம் கொடுத்து வரவேற்கும் நமக்கு அதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் ஒரே க்வாய்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பச்சைப் பாக்கு பழகாதவருக்கு உடம்பைச் சூடாக்கி வியர்க்க வைக்கும், தலை சுற்றும். பாக்கு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் வகைப்படுத்தியிருக்கிறது. வேண்டாம் என்றால் நெஞ்சில் கை வைத்து 'எம், கு²ப்³லேய்' என்று இதமாகச் சொல்லுங்கள். தேநீர் வரும், அதை மறுக்காதீர்கள்.

ஆறாம் படி: விடைபெறுதல்

தாய்லாந்து மொழிப் புத்தகங்கள் 'லா கொன்' என்று கற்றுக்கொடுக்கும். அது இனிப் பார்ப்போமோ என்ற கனம் கொண்ட சொல், நாடகத்தில்தான் அதிகம் கேட்கும். நேரில் 'ஸவத்தீ³ க்²ராப்' என்றே விடைபெறலாம். நண்பரிடம் 'பை கொன் நா', நான் முன்னால் போகிறேன். பயணம் போகிறவருக்கு 'சோ²க் தீ³', நல்ல அதிர்ஷ்டம் அமையட்டும்.

காஸியில் போகிறவருக்கு ஒன்று, இருக்கிறவருக்கு ஒன்று. போகிறவரிடம் வீட்டார் சொல்வது 'லெய்த் ஸுக்': சுகமாகப் போ. போகிறவர் வீட்டாரிடம் சொல்வது 'ஷொங் ஸுக்': சுகமாக இரு. இந்த 'ஸுக்' நம் சுகமேதான், வட இந்திய மொழிகள் வழியாக மலையேறியது. தாய்லாந்து மொழியிலும் மகிழ்ச்சிக்கு 'ஸுக்' என்றே பெயர், அது பாலி மொழி வழியாகப் போனது. யாழ்ப்பாணத்தில் 'சுகமா இருக்கிறீங்களா' என்று கேட்பவரும், ஷில்லாங்கில் 'ஷொங் ஸுக்' என்று வாசலில் நிற்பவரும் ஒரே சொல்லைத்தான் கொடுக்கிறார்கள்.

இறந்தவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் காஸியில் 'செத்தார்' என்று சொல்வதில்லை, அதற்கென்று ஒரு வாக்கு உண்டு. துக்க வீட்டுக்குப் போனால் அதை அறிந்திருக்க வேண்டும்: 'பா³ம் க்வாய் ஹா யிங் உ ப்³லேய்'. கடவுள் வீட்டில் தாம்பூலம் போட்டுக்கொண்டிருக்கிறார்.